மெர்லினின் முழங்கால்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் முடி வெட்டும் கடையும் நினைவு வெட்டும் கடையும் ஒரே தெருவில்தான். காதல் தோல்வி, மாமியார் சொன்ன சுடுசொல் என்று எதையாவது கழித்துவிட்டு ஜனங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். வெட்டிக்கொண்டதுகூட நினைவிருக்காது. பெரிய அதிர்ச்சி வந்தால் மட்டும் வெட்டியது மறுபடி முளைத்துவிடும்.

செபஸ்தியான் இன்று மகள் மெர்லினை இழுத்துக்கொண்டு அங்கே ஓடிவந்திருந்தார். கபடியில் விழுந்து அவளுக்கு வலது முழங்கால் தசைநார் அறுந்தது போன வருடம். ஆய்வகத்தில் வளர்த்த நாரை வைத்துத் தைத்தார்கள், பழையதைவிட உறுதி. ஆனால் களத்தில் இறங்கினால் அந்தக் கால் மட்டும் மரத்து நின்றுவிடும்.

"காலு நல்லாத்தான்பா இருக்கு. நான்தான் நல்லா இல்ல" என்று அவள் அழும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வெடித்தது. கபடியை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு உலகமே கிடையாது.

இன்று காலை அணித் தேர்வில் ஆச்சரியமாக எல்லாம் சரியாகப் போனது. மெர்லின் பழையபடி கபடி பாடி எதிரணிக்குள் போனாள். பிடிக்கக் குனிந்தவளின் தலைக்கு மேலே எழும்பினாள். பார்வையாளர் வரிசையில் இருந்த செபஸ்தியான் தன்னை மறந்து கத்தினார்: "பாத்தும்மா!"

அவ்வளவுதான். தரையிறங்கியவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாருக்கு ஒன்றுமில்லை, பயம்தான் திரும்பிவிட்டது. மாலையில் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதுவே கடைசி.

"போன வருசம் அவ விழுந்தத அவளுக்கு வெட்டிருங்க. எனக்கும் வெட்டிருங்க. தெரிஞ்சாத்தான கத்துவேன்?" என்று இயந்திர வெட்டுநரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

மரியாதை தெரிந்த இயந்திரம். தயங்கித்தான் சொன்னது. "ஐயா, நேத்தே உங்க ரெண்டு பேருக்கும் வெட்டியாச்சு. காலைல நீங்க ஒண்ணுமே தெரியாமத்தான் கத்துனீங்க. பாப்பா முட்டியப் பிடிச்சு உக்காந்ததும் ரெண்டு பேருக்கும் திரும்ப முளைச்சிருச்சு."

செபஸ்தியான் பிடித்த கையை விடவில்லை. "அப்போ அந்தச் சொல்லையே வெட்டிருங்களேன்!"

"தேடிப் பாத்தோம்யா. மூளைல எங்க இருக்குன்னே தெரியல."

வேறு வழியில்லாமல் இருவருக்கும் இன்னொரு முறை வெட்டினார்கள்.

வெளியே வந்தபோது செபஸ்தியானுக்கு மனசு லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. மகளுக்கு மாலையில் தேர்வு, ஜெயித்துவிடுவாள் என்பது மட்டும் தெரிந்தது. மெர்லின் சிரித்துக்கொண்டே வாசல் படிகளில் துள்ளி இறங்கப் போனாள்.

"பாத்தும்மா, படி" என்றார் அப்பா.

மெர்லினின் வலது கால் அந்தரத்தில் அப்படியே நின்றது.