போர்வையை உருவியவன்

"தள்ளுங்க சார்! கேமராவை மறைக்கிறீங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள், மூளை அலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தங்கை வாலு, தலை முழுக்க ஒயர்களோடு, மதியத் தூக்கத்திலிருந்து அலறி எழுந்து, சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடியே அவன் சீறினான்.

"புள்ள துடிக்குது... உங்களுக்குப் படம்தான் முக்கியமா?"

அதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. டெக்னீஷியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வலிப்பு வரணும்னுதானே மாத்திரையையே குறைச்சிருக்கோம்! எந்தக் கை, எந்தக் கால் முதல்ல ஆடுதுன்னு பார்த்தாத்தான் நெத்திக்குப் பின்னாடி மூளையில எந்த இடத்துல வலிப்பு கிளம்புதுன்னு பிடிக்க முடியும். இடம் தெரியாம யாரு ஆபரேஷன் பண்ணுவா?"

கோபத்திலும் அந்தக் கண்கள்... அடேயப்பா! ஆனால் வீம்பு விடுமா? நேராக டாக்டரிடம் போய்ப் புகார் வாசித்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. இன்னொரு தடவை வலிப்பு வரணும். காத்திருங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. 'நடிக்கிறா' என்று பள்ளிக்கூடமே கேலி பேசிய பிள்ளை... இந்த வாய்ப்பையும் நானே கெடுத்துவிட்டேனா?

மறுநாள் மழை கொட்டியது. ஒயர்களைச் சரிபார்க்க வந்தவளும் அவனும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திடீரென்று அதே அலறல்! கட்டிப்பிடிக்க நீண்ட கையால் போர்வையை உருவி எறிந்துவிட்டு, அவன் கேமராவை மறைக்காமல் சுவரோரம் ஒதுங்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான்... ஆனால் அசையவில்லை. வாலுவுக்கு அடிபடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டவள், எல்லாம் அடங்கியதும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

போச்சு! அந்த ஒரு பார்வையில் அவள் மனசு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

இடம் பிடிபட்டது. ஆபரேஷன் நடந்தது. மாதங்கள் ஓடின... ஒரு வலிப்புகூட வரவில்லை! பரிசோதனை முடிந்து வாலு வராந்தாவில் குதித்துக்கொண்டு ஓட, அவன் டெக்னீஷியன் முன்னால் வந்து நின்றான்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புங்க..."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?"

"இன்னொண்ணும் இருக்கு... இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குப் போதாதுங்க. உங்களைத் தினமும் பார்க்கணும் போல இருக்கு. உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு!"

காது மடல் வரை சிவந்துபோனாள். ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வர்றீங்க? வீட்டுக்கு வாங்க... எங்க அப்பாகிட்ட பேச வேண்டாமா?"