நானூற்று முப்பத்தெட்டு டொலர் சினிமா

2007 ஜூன் 9, சனிக்கிழமை. பிற்பகல் 2.40.

சிசிலி வங்கியின் உறையைக் கிழித்தது உள்ளே வரும் சலுகைத் துண்டுப் பிரசுரத்துக்காக மட்டுமே. கூடவே வந்த கணக்கறிக்கையைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. சிவப்புக் கிரெடிட் கார்டை அவள் மார்ச் மாதத்துக்குப் பிறகு தொட்டதில்லை. தொடாத கார்டின் கணக்கு சைபராகத்தான் இருக்கும்.

சைபராக இல்லை. 438 டொலர் 60 சதம் என்று இருந்தது.

மூன்று நிமிடம் கழித்து, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் செல்வமலரின் தொலைபேசி அடித்தது.

செல்வமலருக்கு ஒரு மருந்து ஆலையில் வேலை. முப்பது குளிசை இருக்க வேண்டிய பெட்டியில் இருபத்தொன்பது இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். பன்னிரண்டு வருடம் அதைச் செய்ததில், எந்தத் தாளைக் கண்டாலும் எது கூடுகிறது, எது குறைகிறது என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. சிசிலிக்குக் கார்ட் வித்தையைக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான்.

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வங்கிகளின் மூன்று கார்டுகள். ஒவ்வொரு கார்டும் மூன்று மாதத்துக்கு ஏதாவது ஒரு வகைச் செலவுக்கு மட்டும் ஐந்து மடங்கு புள்ளி தரும். இந்தக் காலாண்டில் பெற்றோல் என்றால் அடுத்ததில் மளிகை, அதற்கடுத்ததில் மருந்துக்கடை. ஆனால் தானாக வராது. ஒவ்வொரு காலாண்டும் வங்கிக்குத் தொலைபேசி எடுத்துப் பதிய வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கியே அந்தச் சலுகையைத் தருகிறது. சிசிலி மறக்கிற ஆள் இல்லை. தை மாதம் திருச்சியில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். இரண்டு விமான டிக்கெட்டையும் புள்ளியிலேயே எடுப்பது என்று அவள் மூச்சைப் பிடித்துச் சேர்க்கத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது.

3.20.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் உள்ள சிசிலி வீட்டுக் குசினியில் மூன்று பேர் இருந்தார்கள். சிசிலி நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவர் நீக்கிலாப்பிள்ளை மேசையில் பத்திரிகையை விரித்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமலர் கணக்கறிக்கையை வாங்கினாள்.

அதில் இருந்தது ஒரேயொரு வரி. மே 12ஆம் திகதி. கடையின் பெயருக்குப் பதிலாக ஒன்பதில் தொடங்கும் நீண்ட இலக்கம், அதன் பின்னால் கெபெக் இன்க் என்ற சொல். பெயர் வைக்காமல் இலக்கத்திலேயே பதிந்த கம்பனி. இந்த மாகாணத்தில் அப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. செலவின் வகை: சினிமா, வீடியோ வாடகை. கிடைத்த புள்ளி: 2,193.

"நாங்கள் தியேட்டருக்குப் போய் எத்தினை வருசம், மலர். நானூறு டொலருக்கு ஆர் படம் பாக்கிறது? அதுவும் பேரில்லாத கடையிலை. என்ன மாதிரிப் படமோ, மாதாவே."

சிசிலியிடம் கள்ளனின் பெயர் தயாராக இருந்தது: அருமைராசா. கீழ்த்தட்டு அறையில் மூன்று வருடமாக வாடகைக்கு இருப்பவர். நாற்பது வயது, தனி ஆள், அகதி விண்ணப்பதாரர். ஓய்வு நாளில் விழித்திருக்கும் நேரமெல்லாம் படம் பார்ப்பவர். சமைப்பதற்கு இந்தக் குசினிக்குத்தான் ஏறி வருவார். கார்டுகள் கிடக்கும் மேசை லாச்சியும் இங்கேதான். போதாததற்கு, மே மாதத் தொடக்கத்தில் வக்கீலுக்குக் கட்ட என்று இருநூறு டொலர் கைமாற்றுக் கேட்டிருக்கிறார். சிசிலி இல்லை என்றிருக்கிறாள்.

வேலை முடிந்து அவர் ஆறு மணிக்கு வருவார். வந்ததும் பொலிசைக் கூப்பிடுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். மேசையின் ஓரத்தில் கையெழுத்திடாத கடிதம் ஒன்று கிடந்தது. அருமைராசாவின் அகதி வழக்கு வருகிற வியாழக்கிழமை. அதற்கு வீட்டுக்காரரின் கடிதம் கேட்டிருந்தார்.

"வழக்குக்கு ஐஞ்சு நாள் இருக்கேக்கை பொலிஸ் பதிவு விழுந்தால் அவர் கதை முடிஞ்சுது, அக்கா" என்றாள் செல்வமலர். "திருப்பி அனுப்பினால் கொழும்பிலை இறங்கேக்கை என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

"களவெடுக்க முதல் அவனல்லோ அதை யோசிச்சிருக்க வேணும்."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து நீக்கிலாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: "விடும், சிசிலி. காசைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இருப்பம். பாவம் அந்த மனுசன்."

"உங்களுக்கு எல்லாரும் பாவம்தான். போன வருசமும் பாவமெண்டுதானே கழகத்துக்கு ஐந்நூறு டொலர் தூக்கிக் குடுத்தனீங்கள். ரிக்கெற் எடுத்து முடியும்வரை இனி ஒரு சதம் குடுக்க மாட்டனெண்டு மாதா சுருவத்துக்கு முன்னாலை சொன்னது ஞாபகம் இருக்குதோ?"

ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் மொன்றியல் கிளைக்கு அவர் தலைவர். பத்திரிகை மறுபடி உயர்ந்தது. செல்வமலர் கேள்விகளைத் தொடங்கினாள்.

"சிவப்புக் கார்ட் எங்கை கிடந்தது?"

"லாச்சியிலை, மூண்டிலையும் அடியிலை. பச்சையும் நீலமும் அதுக்கு மேலை."

"அந்த ரெண்டிலையும் செலவு?"

"நான் செய்ததுதான். வேறை ஆரும் கை வைக்கேல்லை."

"இப்ப சிவப்பு எங்கை?"

"அதே இடத்திலை. திருப்பிக் கொண்டந்து வைச்சிருக்கிறான்."

"இந்தக் காலாண்டுக்கு எதெதுக்குப் பதிஞ்சனீங்கள்?"

"பச்சைக்கும் நீலத்துக்கும். சிவப்புக்குச் சினிமா எண்டு போட்டிருந்தாங்கள். சினிமாவுக்குப் பதிய எனக்கென்ன விசரோ?"

செல்வமலர் தாளை மறுபடி பார்த்தாள். பிறகு அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஆறு மணிக்கு முதல் யாருக்கும் தொலைபேசி எடுக்கக் கூடாது என்று சிசிலியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

4.15.

மூன்று டொலருக்கு ஒரு படம் வாடகைக்கு எடுக்கலாம். 438 டொலர் என்றால் நூற்று நாற்பத்தாறு படம். அருமைராசா எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் ஒரே நாளில் அவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க முடியாது. ஆகவே வாங்கப்பட்டது படம் அல்ல. ஆனால் வாங்கிய இடத்தை வங்கி வீடியோக்கடை என்று நினைக்கிறது. அப்படி ஒரு கடை செல்வமலருக்குத் தெரியும். மொன்றியலில் பழைய தமிழ்ச் சனம் எல்லோருக்குமே தெரியும்.

உருத்திரமூர்த்தி ஜான்-டலோன் வீதியில் கடை திறந்தது 1993இல். அப்போது அது முழுக்க வீடியோக்கடை. சனம் படம் எடுக்க வரும்போது ஒரு பைக்கற் மிளகாய்த்தூளும் கேட்டது. பிறகு அரிசி கேட்டது. பிறகு மீன். கசெற்றுகள் பின்சுவருக்குப் போய், ஒரு நாள் இல்லாமலே போயின. இப்போது நடுக்கடையில் ஆட்டிறைச்சி வெட்டும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

செல்வமலர் மிளகாய்த்தூள் ஒரு பைக்கற் எடுத்துக் கார்டை நீட்டினாள். உருத்திரமூர்த்தியின் முகம் சுருங்கியது. காசாகத் தந்தால் விலையில் கழிவு உண்டு என்று சொல்லிப் பார்த்தார். தன்னுடைய வாடிக்கையாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காசுதான் என்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கார்ட் மெசின் பற்றுத்துண்டைத் துப்பியது.

துண்டின் தலையில் ஒன்பதில் தொடங்கும் அதே இலக்கம்.

"மெசின் நல்ல பழசு போலை, அண்ணை."

"வீடியோக் காலத்திலை எடுத்தது, தங்கச்சி. எனக்கு அப்ப பிரெஞ்சு ஓடாது. நீக்கிலாப்பிள்ளையர்தான் கம்பனியோடை கதைச்சு எடுத்துத் தந்தவர். வந்த புதுசிலை ரெண்டு மாரி என்னட்டை வேலை செய்த மனுசன்."

மே 12ஆம் திகதி யாரோ 438 டொலருக்குச் சாமான் எடுத்திருக்கிறார்களே என்று அவள் கேட்டாள். உருத்திரமூர்த்தி தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

"அதை மட்டும் கேளாதையுங்கோ. எனக்குக் கடை நடத்த வேணும்."

வெளியே வந்தபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய சுவரொட்டி கண்ணில் பட்டது. உதைபந்தாட்டக் கழகத்தின் ஆண்டு இராப்போசனம், மே 12, மாலை ஏழு மணி. அவள் கணவர் தியாகராசா டாக்சி ஓட்டுபவர்; எங்கே சாப்பாடு நடந்தாலும் தவறவிடாதவர். கைத்தொலைபேசியில் அவரைப் பிடித்தாள். சாப்பாடு அருமை என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆடு யார் கொடுத்தது? அன்பர் ஒருவர் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள், மூன்று தரம் கைதட்டச் சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை.

5.10.

மறுபடி அதே குசினி. செல்வமலர் முதலில் கடையின் துண்டை மேசையில் வைத்தாள். படம் இல்லை, ஆடும் அரிசியும் என்று சொன்னாள். சிசிலியின் முகத்தில் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அசிங்கமான படங்களைவிட ஆடு எவ்வளவோ மேல். ஆனால் களவு களவுதானே, அருமைராசாவும் அந்தக் கடைக்குத்தானே போகிறவன் என்றாள்.

"ஓம். இனி வங்கிக்கு அடியுங்கோ. ஒரு கேள்விதான். சத்தத்தைக் கூட்டி விடுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்."

நீக்கிலாப்பிள்ளை எழுந்தார். தலையிடி, கொஞ்சம் படுக்கப் போகிறேன் என்றார்.

"இருங்கோ, அண்ணை. ரெண்டு நிமிசம்."

வங்கிப் பெண் பொன்ஜூர் சொல்லி, சிசிலியின் பிறந்த திகதியையும் முகவரியையும் கேட்டுச் சரிபார்த்தாள். செல்வமலர் சொல்லிக்கொடுத்த கேள்வியைச் சிசிலி ஆங்கிலத்தில் கேட்டாள்: இந்தக் காலாண்டின் சினிமாச் சலுகைக்கு இந்தக் கார்ட் எப்போது பதியப்பட்டது?

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. மே 11, மாலை 8.12, தானியங்கித் தொலைபேசி வழியாக என்றாள் அந்தப் பெண். கார்ட் இலக்கத்தையும் உரிமையாளரின் பிறந்த திகதியையும் அழுத்திப் பதிந்திருக்கிறார்கள். அழைப்பு வந்தது நீங்கள் இப்போது பேசும் இதே இலக்கத்திலிருந்து.

சிசிலி தொலைபேசியை வைத்தாள்.

"மே 11 வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு நீங்கள் எங்கை, அக்கா?"

"மாதா வணக்க மாதமெல்லோ. வெள்ளியிலை அல்போன்சம்மா வீட்டை செபமாலை."

"அருமைராசா?"

"மே முழுக்க அவனுக்குப் பின்னேர வேலை. வர இரவு பன்னிரண்டு மணி செல்லும்."

"வீட்டிலை?"

இடுப்பு நாரி நோகிறது, செபத்துக்கு வரவில்லை என்று அன்று சொன்ன கணவரைச் சிசிலி திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் தாளிலை எல்லாரும் பாத்தது செலவை. ஆரும் பாக்காமல் விட்டது பொயின்ற்ஸை" என்றாள் செல்வமலர். "அறுபது சதத்தையும் சேர்த்து ஐஞ்சாலை பெருக்கினால் சரியா ரெண்டாயிரத்து நூற்றித் தொண்ணூற்றி மூண்டு. பதியாத கார்டுக்கு ஐஞ்சு மடங்கு வராது. நீங்கள் பதியேல்லை. அப்ப எடுத்த ஆள் பதிஞ்சிருக்கிறார். வாங்கப் போறதுக்கு முதல்நாள் போன் எடுத்துச் சலுகைக்குப் பதியிற கள்ளனை நான் கேள்விப்படேல்லை. வெளியாளுக்கு அந்தப் பொயின்ற்ஸாலை என்ன பிரயோசனம்? அது வந்து விழுறது உங்கடை ரிக்கெற் கணக்கிலை. மேலை கிடந்த ரெண்டு கார்டையும் விட்டிட்டு அடியிலை கிடந்ததை எடுத்ததும் அதுக்குத்தான். அந்த ஆட்டிறைச்சிக்கடையை வங்கி வீடியோக்கடையெண்டு நினைக்கிறது, அந்த மெசினை எடுத்துக் குடுத்த ஆளுக்குத் தெரியும். உங்கடை பிறந்த திகதியும் தெரியும். நீக்கிலாப்பிள்ளை அண்ணை, ஆடு குடுத்த அன்பர் நீங்கள்தான்."

அவர் பத்திரிகையை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். மண்டப வாடகைக்கே சேர்த்த காசெல்லாம் போய்விட்டது, எழுபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது, தலைவர் என்ற பெயர் தன்னுடையது என்றார். தொடாத கார்டின் உறையைச் சிசிலி ஒருநாளும் பிரிப்பதில்லை. மேலதிக வேலைக் காசு வந்ததும் சத்தமில்லாமல் கட்டிவிட நினைத்திருந்தார். அடுத்த காலாண்டின் துண்டுப் பிரசுரம் ஜூனில் அதே உறைக்குள் வரும் என்பதை மறந்துபோனார்.

"பேந்து என்னத்துக்குப் பதிஞ்சனீங்கள்?" என்றாள் செல்வமலர். "பதியாமல் விட்டிருந்தால் எனக்கே பிடிபட்டிருக்காது."

"சும்மா போற பொயின்ற்ஸ்தானே. விட மனம் வரேல்லை."

சிசிலி ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மாதாவுக்கு முன்னால் சொன்ன வாக்கைப் பற்றியும் கேட்கவில்லை.

"நான் பொலிஸ் எண்டு சொல்லேக்கையும் அதிலை இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்" என்றாள்.



6.05.

அருமைராசா பின்கதவால் வந்தார். மூன்று பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றார். இது செல்வமலர் சொல்ல வேண்டிய கதை அல்ல. நீக்கிலாப்பிள்ளை எழுந்து நின்று, தலையைக் குனிந்தபடி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பதையும், தான் வாய் மூடி இருந்ததையும் விடாமல் சொன்னார்.

அருமைராசா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொலிசுக்கு அடிச்சாச்சோ, அண்ணை?"

"இல்லை."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சாப்பாட்டுப் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வழக்கு முடிந்ததும் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. முகவரி மாறினால் வழக்குக்குச் சரிவராது, அதனால்தான் அதுவரை இருக்கிறேன் என்று விளக்கமும் சொன்னார். இருங்கள் என்று சொல்லும் உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்று சிசிலிக்குத் தெரிந்தது.

அவள் மேசையோரத்தில் கிடந்த கடிதத்தை எடுத்தாள். அதில் இருந்ததெல்லாம் வாடகையும் முகவரியும்தான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றைக் கணவர் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்கோ. மூண்டு வருசமா எங்கடை வீட்டிலை இருக்கிறார், நேர்மையான மனுசன் எண்டு எழுதுங்கோ. அது உங்களைவிட வடிவா ஆருக்கும் தெரியாது."