எட்டாவது எண்ணிக்கை

எட்டாவது எண்ணிக்கையைப் பிலோமின்ராஜ் வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருந்தான். கித்தாரில் ஏழு அடித்து ஒன்றை விட்டால்தான் ஹெவி மெட்டல் இசைக்கு அந்தக் கனம் வரும். ஆனால் வாசித்துப் பதிந்த கேசட்டைத் திருப்பிக் கேட்டபோது அந்த இடம் காலியாக இல்லை. ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுத்த மாதிரி ஒரு சத்தம். சுற்றுக்கு ஒன்று.

டேப் பழசு என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து நின்றபடி தபால் பிரித்ததில் கால்கள் கடுத்தன, யோசிக்கத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை இசைப் போட்டி. அதற்குள் பாட்டின் இந்த ஒரு துண்டை முடித்தாக வேண்டும். "மணப்பாறை மாட்டுச் சந்தையே மிரண்டு ஓடணும்ணே," என்று டிரம்ஸ் வாசிக்கும் கியாசுதீன் சொல்லியிருந்தான்.

ஆம்ப்ளிஃபயர் வாங்க வழியில்லை. பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கம் கித்தார் வயரைப் பற்றவைத்து, வால்யூமைக் கடைசிவரை திருப்பினால் ஒலி கிழிந்து உறுமும். தென்னூரில் அந்த ஓட்டு வீட்டின் உள்ளறையில், தூளியில் கிடக்கும் மூன்று மாதக் குழந்தைக்கு அதுவே தாலாட்டு.

"ஏங்க, பாப்பா தூங்குறா. உங்க எருமைக் கச்சேரிய நிறுத்திடாதீங்க, முழிச்சுக்குவா," என்றாள் டோரதி. கோயிலில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துடு. கை ஓஞ்சுபோச்சு."

"பதினாலு ஸ்தலமும் முடிய வேணாமா? நடுவுல எந்திரிச்சு வந்தா சாமியார் என்னையத்தான் பாப்பாரு."

அவள் போனபின் வெளிச்சமும் போகத் தொடங்கியது. சூடேறிய வால்வின் கருகல் வாடையும், குழந்தைத் துணியின் பால் வாடையும் கலந்த முன்னறையில், தடித்த கம்பியைத் தளர்த்திக்கொண்டு ஏழு அடித்து நிறுத்தினான்.

சத்தம் வந்தது. டேப் ஓடவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து வந்தது.

அடுத்த சுற்றில் அடுப்படி வாசலில். அதற்கடுத்ததில் அடுப்படிக்குள், ஏதோ தகர மூடி நகர்ந்தது, சேற்று வாடை மெல்லப் படர்ந்து வந்தது. பயந்துபோய் எட்டாவதையும் அடித்தான். சத்தமில்லை. மறுபடி எட்டும் அடித்தான். இல்லை. சோதிப்பதற்காக ஒருமுறை விட்டான்.

இன்னும் பக்கத்தில்.

இடைவெளியில் மட்டுமே அது நடந்தது. அவனை நோக்கியும் வரவில்லை. உள்ளறைப் பக்கம் போனது.

கணக்குப் போட்டான். அவன் இருந்த இடத்திலிருந்து தூளிக்குப் பத்தடி தூரம். அதற்கு இரண்டே காலடி. கித்தாரோடு எழுந்தான், வயர் இழுத்துப் பிடித்தது. உட்கார்ந்தான். இடைவெளி விடாமல் அடித்தான். விரல் நுனி கிழிந்து கம்பி வழுக்கியது. தோள் மரத்தது. தூக்கம், பயத்தையும் மீறிக் கண்ணை அழுத்தியது. டோரதி முடிக்க வேண்டிய ஸ்தலங்களை எண்ணினான். இந்நேரம் ஒன்பதாவது இருக்கும். பத்தாவது இருக்கும். அடித்தான்.

கரண்ட் போனது.

உறுமல் அறுந்தது. இருட்டு. கம்பி மட்டும் ஈ மாதிரி முனகியது. அடித்தான். கேட்கவேயில்லை. பலமாக அடித்தான். கம்பி தெறித்தது.

ஒன்று.

இரண்டு.

பாய்ந்தான். வயர் காலில் சிக்கி, முகம் தரையில் மோதியது. எழ முடியவில்லை. உள்ளறையில் தூளிக் கயிறு உத்தரத்தில் முறுகியது. குழந்தை அழவில்லை.

வாசற்கதவு திறந்தது.

"ஏங்க? இருட்டுல என்ன பண்றீங்க? பாப்பா அழுதாளா?"

"உள்ள போகாத, டோரதி."

அவள் ஏற்கனவே தீக்குச்சியைக் கிழித்திருந்தாள். உள்ளறை வாசலில் நின்றுவிட்டாள்.

முழங்கால் உயரத்தில் தொங்க வேண்டிய தூளி, கனம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேலைத் துணிக்குள் ஒரு நீண்ட முதுகு. மடக்கிய முழங்கால்கள். அவற்றுக்கும் மார்புக்கும் நடுவே, சின்னதாக ஏதோ ஒன்று பால் குடிக்கிற மாதிரி சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

குச்சி விரல்வரை எரிந்தது. டோரதி அதைக் கீழே போடவில்லை.