அளந்து பார்ப்பது இலவசம்

ஒரு மச்சை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஏஞ்சலின் வீட்டு மச்சு பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஓட்டுக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே ஆள் குனிந்து நிற்கலாம், அவ்வளவுதான் உயரம். டேப்பை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் இழுத்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம். ஏறின ஆள் வயசாளி, மூச்சு வாங்கும், பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மேலே போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ‘சர்ர்ர்’ என்று டேப் இழுபடுகிற சத்தமும், ‘டக்’கென்று அது கூட்டுக்குள் திரும்புகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

முன்னறையில் டை கட்டின ஆள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜாபேஸ் என்று பெயர் இருந்தது. நாற்பது வயதிருக்கும். மே மாதத்து உச்சி வெயில் ஓட்டின் வழியாக இறங்கி, சுவரில் ஏறி, குடத்துத் தண்ணீரைக் கூடச் சுட வைத்திருந்த அந்த நேரத்தில் அவர் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதை ஏஞ்சலின் வந்தவுடனேயே கவனித்துவிட்டாள். அவள் கவனிக்காத விஷயம் அந்தத் தெருவில் ஏது?

மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நாலு எட்டு நடந்து திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்துத்தான் வாங்குவாள். கேஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டாமல் கொண்டுவந்த பையன் வாசலைத் தாண்ட முடியாது. இது பிறவிக் குணமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் ஃபில்டர் விற்க வந்த ஒருவன் இதே நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ‘இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்று அரித்தெடுத்துக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டான். ஆறே வாரத்தில் ஃபில்டர் படுத்துவிட்டது. கப்பலில் ஃபிட்டராக இருக்கும் அவள் புருஷன் ஜாய்சன் போனில் ஒரு வார்த்தை திட்டவில்லை. சிரித்தான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு வருகிறவன் வானத்திலிருந்தே இறங்கி வந்தாலும் சரி, முதல் நாளில் கையெழுத்து கிடையாது, ஏற்கெனவே வாங்கினவர்களிடம் கேட்காமல் எதுவும் கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அப்படிப்பட்டவள் இவர்களை எப்படி உள்ளே விட்டாள்? வெயில்தான் காரணம். நாலரை வயது ஜெர்லினுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு அழுகிறாள். ஓட்டுக்கு அடியில், மச்சு முழுக்க, பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துவிட்டால் சூடு கீழே இறங்காது என்று ஜாபேஸ் வாசலில் நின்று சொன்னதும் அவளுக்கு ஆசை வந்தது.

“அளந்து பாக்கதுக்கு காசே கிடையாதுக்கா. பிடிக்கலன்னா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்” என்றார்.

கையெழுத்துப் போடாதவரைக்கும் தனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அவள் நினைத்தாள். கதவைத் திறந்தாள்.

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு ஜோடிச் செருப்பு வாசலில் கழன்றது. ஜாபேஸுக்குப் பின்னால் வந்த நெட்டை மனுஷர் வாயே திறக்கவில்லை. நிலைப்படியில் குனிந்து நுழைந்து, நடு அறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்லினை ஒரு தரம் பார்த்துவிட்டு, அங்கேயே சாத்தியிருந்த ஏணியில் ஏறி மச்சுக்குள் போய்விட்டார். அந்த ஏணி, பிள்ளை கால் வைத்தாலே கிறீச்சிடும். அவர் ஏறினபோது கிறீச்சிடவில்லை.

“என்ன அண்ணாச்சி, இன்னுமா அளக்காரு?” என்றாள் ஏஞ்சலின்.

“துல்லியமா எடுப்பாருக்கா. அளவு தப்புனா பொருள் உக்காராது.” ஜாபேஸ் பேப்பர் அட்டையை அவள் பக்கம் தள்ளினார். “அதுக்குள்ள நீங்க இதுல ஒரு கையெழுத்து...”

“இன்னைக்கு முடியாது.”

“இந்த ஆஃபர் இன்னைக்கு ஒருநா மட்டும்தான்.”

“அப்ப வேண்டாம்.”

“மேனேஜர்ட்ட பேசி உங்களுக்காகப் பாதியாக் கொறைச்சுத் தாரேன்.”

“இம்புட்டுச் சீக்கிரம் பாதியாக் கொறையுதுன்னா மொத்தத்துக்குமே மதிப்பில்லன்னுதானே அர்த்தம்?”

சொல்லிவிட்டு அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஃபில்டர்காரனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இவருக்குச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டாள். அட்டையில் முகவரி இல்லையே என்றாள். ஜாபேஸ் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. ‘மேடம்’ என்று ஆரம்பித்தவர் ‘அக்கா’வுக்கு வந்து இப்போது ‘தங்கச்சி’யில் நின்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நடு அறை வாசல் வழியாக ஜெர்லினுடைய இரண்டு பாதமும் தெரிகிற மாதிரி நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். பிள்ளை புரண்டு படுத்தாள். கொலுசு சிணுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மேலேயிருந்து ஒரு குரல் தாழ்வாக எண் சொன்னது. “அம்பத்தி மூணு.”

ஜாபேஸ் எழுதிக்கொண்டார்.

“அம்பத்தி மூணா? அவ்வளவு அடிக்கு இங்கன எங்க எடம் இருக்கு?”

“இது சென்டிமீட்டர் தங்கச்சி.”

சர்ர்ர். டக்.

“அம்பது.”

மச்சில் ஐம்பது சென்டிமீட்டரில் அளக்க என்ன இருக்கிறது? பழைய வலை ஒரு சாக்கு, கிறிஸ்மஸ் குடில் பொம்மைப் பெட்டி, ஜாய்சனுடைய உடைந்த சூட்கேஸ். மணி இரண்டரை. இந்நேரத்துக்குக் கடல்காற்று வந்து ஜன்னல் துணியைத் தூக்கியிருக்க வேண்டும். துணி அசையவில்லை. துறைமுகத்து லாரிகளின் இரைச்சலும், கருவாட்டு வாடையும் எப்போதும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். இரண்டும் இப்போது இல்லை. புதுத் தலையணையைப் பிரித்தால் வருகிற மாதிரி ஒரு வாடை மட்டும் மேலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“யாருக்குப் போட்டிருக்கீங்க? ஒரு பேரு சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்.”

“எதுத்த வீட்டு அமலோற்பவம் அக்காவுக்குத்தான். ரெண்டு வாரம் ஆச்சு. அவுகதான் உங்க பேரையும் சொன்னாவ.”

ஏஞ்சலினுக்கு அப்பாடா என்றிருந்தது. அமலு அக்கா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. வாயைத் திறந்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். ஆனால் இரண்டு வாரமாக அந்தச் சத்தம் கேட்கவில்லை. நாள் முழுக்க முன்னறை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கையசைத்தாலும் திரும்பக் கையசைப்பதில்லை. தன் மேல் ஏதோ கோபம் போல என்று ஏஞ்சலின் மனத்தாங்கலோடு விட்டிருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“அக்கா, நான் ஏஞ்சலின். மச்சுக்கு என்னத்தையோ போட்டியளாமே, எப்படி இருக்கு?”

“குளுகுளுன்னு இருக்கு ஏளா.”

அமலு அக்காவின் குரல்தான். மெத்தைக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி அடங்கிக் கேட்டது.

“உடம்பு சரியில்லையாக்கா? எங்கன இருக்கீங்க?”

“குளுகுளுன்னு இருக்கு. நீயும் போட்டுக்கோ.”

ஏஞ்சலின் ஜன்னல் கம்பி வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. அமலு அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. கையில் போன் இல்லை. வாய் மூடியிருந்தது. இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது, தையல் விட்ட மாதிரி.

“நீயும் போட்டுக்கோ ஏளா” என்றது போன்.

நாற்காலியில் இருந்தவளின் உதடு அசையவில்லை.

ஏஞ்சலின் போனை அணைத்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். முதல் வேலையாகப் பிள்ளையின் பாதத்தைத் தேடினாள். பாதம் தெரியவில்லை. கால் வரைக்கும் போர்வை இழுத்து மூடியிருந்தது.

இந்த வெயிலில் போர்வையா? அது கொடியில் அல்லவா கிடந்தது? பிள்ளையே எழுந்து எடுத்திருப்பாளோ? எழுந்தால் கொலுசு கேட்டிருக்குமே?

“நீங்க கெளம்புங்க” என்றாள். “அவரையும் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“சரி தங்கச்சி.” ஜாபேஸ் உடனே எழுந்தார். அத்தனை நேரம் அரித்த மனுஷர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “கட்டாயப்படுத்தி விக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.”

வாசலுக்குப் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டார். இன்னொரு ஜோடி அங்கேயே கிடந்தது.

சர்ர்ர்.

இந்தத் தடவை சத்தம் மச்சுக்குள் நீளவில்லை. கீழே இறங்கியது.

“நூத்தி நாலு” என்றது மேலேயிருந்த குரல்.

அந்த எண் அவளுக்குத் தெரியும். போன சனிக்கிழமை ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ் பிள்ளையை அளந்தாள். இவள் நம்பாமல் இன்னொரு தரம் அளக்கச் சொல்லி, அட்டையில் எழுதினதைத் தானே படித்துப் பார்த்தாள். தலை ஐம்பது. நெஞ்சு ஐம்பத்து மூன்று. உயரம் நூற்று நாலு.

“மாதாவே!”

ஓடினாள். மச்சுத் துவாரத்திலிருந்து மஞ்சள் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனிக் கொக்கி பாயில், போர்வைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மேலே ஏறிப் போனது. டக்.

போர்வையோடு பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தாள். வெறுங்காலைத் தார் சுட்டது. தோளில் சாய்ந்த தலையைக் கையால் அணைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லடா தங்கம், அம்மா இருக்கேன்” என்றாள். என்றவள் நின்றாள்.

கனமே இல்லை.

சாப்பிட அடம் பிடித்தாலும் பதினாறு கிலோ இருக்கிற பிள்ளை. தோளில் ஒரு தலையணைக் கனம்தான் இருந்தது. மூச்சுக் காற்று கழுத்தில் படவில்லை. போர்வையை விலக்கினாள். ஜெர்லினுடைய முகம்தான். மூடின கண், மேலுதட்டு மச்சம், எல்லாம் அப்படியே. காதுக்குப் பின்னால் வெள்ளையாக, மெதுமெதுவென்று, ஒரு கொத்து வெளியே வந்திருந்தது. காலில் கொலுசு இல்லை.

கொலுசு வீட்டுக்குள் சிணுங்கியது. உயரத்தில்.

திரும்ப ஓடினாள். ஏணியைக் காணோம். மச்சுப் பலகை மூடியிருந்தது. கையில் இருந்ததைப் பாயில் போட்டுவிட்டு ஒட்டடைக் கம்பால் பலகையை இடித்தாள், கத்தினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நகம் பெயரப் பிறாண்டினாள். பலகை அசையவில்லை. அவள் போட்ட சத்தம் அவள் காதுக்கே எட்டவில்லை. எல்லாவற்றையும் மேலே ஏதோ உறிஞ்சிக்கொண்டது.

“ஜெர்லின்! ஏளா ஜெர்லின்!”

“அம்மா.” தூக்கக் கலக்கத்தில், சந்தோஷமாக. “இங்க குளுகுளுன்னு இருக்கும்மா.”

ஏஞ்சலின் பிறாண்டுவதை நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். நடு அறை வாசலில் ஜாபேஸ் நின்றார். கையில் அதே பேப்பர் அட்டை. அதன் மேல் பேனா.

“டெமோதான் தங்கச்சி. ஒரு ஆளுக்கு மட்டும். அது இலவசம்.” ரொம்பத் தன்மையாகச் சொன்னார். “பிடிக்கலன்னா விட்டுருங்க. நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம். பிடிச்சிருந்தா வீட்டுல மிச்சம் இருக்கவங்களுக்கும் போட்டுக்கிடலாம்.”

“என் பிள்ளைய எறக்கு.”

“எறக்குற வேலை கிடையாது. ஏத்துற வேலைதான். இந்த ஆஃபர் இன்னைக்கு ஒருநா மட்டும்.”

மேலே கொலுசு ஓடியது. நின்றது.

“அம்மா, நீ வரல?”

தெருவில் எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. நாற்காலியில் இருந்தது இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாளில் கையெழுத்து கிடையாது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பேனாவை வாங்கினாள். எதையும் படிக்கவில்லை. ஏஞ்சலின் ஜாய்சன் என்று முழுசாக எழுதினாள்.

மேலே பலகை நகர்ந்தது. இருட்டிலிருந்து மஞ்சள் டேப் இறங்கி வந்து, குளிர்ந்த கொக்கி அவள் குதிகாலைத் தொட்டது.

அளவு தப்பினால் பொருள் உட்காராது. ஏஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசையாமல், முதுகை நிமிர்த்தி நேராக நின்றாள்.