தாடிக்கொம்பு மேட்டில் நகராத கார்

பெருமாயி பேகம்பூர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ராயப்பராஜ் கொடுத்த தண்ணீரைக்கூட அவள் குடிக்கவில்லை.

"எம் புருசன் சோலைமுத்து, தாடிக்கொம்பு மொக்கைச்சாமி அய்யா வீட்டு டிரைவரு. போன செவ்வாக்கெழம அவுக மக சண்முகவள்ளிக்கு வலி எடுத்துச்சு. புள்ள குறுக்க கெடக்கு, ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கன்னு மருத்துவச்சி சொல்லிப்புட்டா. காரு நகரல. மாட்டு வண்டி பாதி வழி போறதுக்குள்ள தாயும் புள்ளையும் போயிட்டாக. அதுக்கு மொத நா அய்யா இவர அறைஞ்சாராம். அந்தக் கோவத்துல வேணும்னே காரக் கெடுத்துட்டாருன்னு டேசன்ல எழுதிக் குடுத்துட்டாக. நாளைக்குப் போலீசு வருது. இந்த மனுசன் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

"வீட்ல என்ன செய்றாரு?"

"ஒரு கருங்கல்லச் சாக்குல சுத்திக் கொண்டாந்து கட்டிலுக்கு அடியில வச்சிருக்காரு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"கல்லுக்குள்ள என்னமோ ஒளிச்சு வச்சிருக்காருண்ணே!" என்றான் முகமது பாரூக். ராயப்பராஜோடு துப்பறியப் போவதற்காகவே சைக்கிள் கடையைப் பாதி நாள் பூட்டி வைப்பவன் அவன். ராயப்பராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மொக்கைச்சாமியின் வீடு ஒரு கரட்டு மேட்டில் இருந்தது. வாசல் சரிவில், கீழே ரோட்டைப் பார்த்தபடி கார் நின்றது. கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி, கிளச் கிடையாது. ஸ்டியரிங் அருகிலுள்ள கம்பியை 'பார்க்கிங்'கைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்துக்குத் தள்ளினால், உள்ளே ஒரு பல் சிக்கி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிரேக் அறுந்து வருஷமாகிறது. பாரூக் கம்பியை 'பி'யிலிருந்து எடுக்க இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தான். கம்பி அசையவில்லை.

"அன்னிக்கு எத்தனை பேர் தள்ளுனீங்க?" என்று கேட்டார் ராயப்பராஜ்.

"எட்டுப் பேரு. ரோட்டப் பாத்து அம்புட்டுப் பேரும் தள்ளுனோம்" என்றார் மொக்கைச்சாமி. போனது அவருக்கு ஒரே மகள்.

ராயப்பராஜ் முன் சக்கரத்தருகே குந்தினார். சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாண் அகலத்துக்குப் புல் முளைக்காமல் மண் அழுந்திக் கிடந்தது. பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். பிரசவத்துக்கு வெந்நீர் போட்ட அடுப்பு அங்கே இருந்தது. நடுவில் சாம்பல்; பக்கத்துக்கொன்றாக இரண்டே செங்கல். மூன்றாவது கல்லைக் காணோம்.

சோலைமுத்துவின் வீட்டில் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். கருங்கல்லின் ஒரு பக்கம் கரி படிந்திருந்தது. மறுபக்கம் டயர் உரசி வழவழப்பாகியிருந்தது.

"வண்டி உருளாம சக்கரத்துக்கு முன்னால அண்டக் குடுத்திருந்த கல்லு அடுப்புக்குப் போயிருக்கு. எடுத்தது யாரு?"

சோலைமுத்து பொலபொலவென்று அழுதுவிட்டான். "ஆத்தாதான்யா. மகளுக்கு வெந்நி போடுற அவசரத்துல அய்யா சம்சாரம் ராமுத்தாய் ஆத்தா உருவிட்டுப் போயிருக்காக. வண்டி லேசாச் சறுக்கி, மொத்த பாரமும் அந்தப் பல்லு மேல உக்காந்திருச்சு. மறுநா அடுப்புல கல்லப் பாத்தப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. அவுகளுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாக. நான் கல்லு வைக்க மறந்துட்டேன்னு சொல்லிருங்கய்யா."

சாயங்காலம் எல்லோரும் காரருகே கூடினார்கள். ராயப்பராஜ் நான்கு பேரைக் கூப்பிட்டு, வண்டியை மேட்டுப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொன்னார். பாரூக் கம்பியைத் தொட்டான். அது 'பி'யிலிருந்து சுலபமாக நகர்ந்தது.

"இம்புட்டுத்தானா?" மொக்கைச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுக்கா எம் மக போனா?"

"நீங்க போற பக்கமே தள்ளிருக்கீங்க. தள்ளத் தள்ளப் பல்லு இறுகிருச்சு. யாரும் வேணும்னு செய்யலங்கய்யா. சக்கரத்துக்குக் கல்லு இருந்திருந்தா இது நடந்திருக்காது." ராயப்பராஜ் சோலைமுத்துவை ஒருமுறை பார்த்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு வழக்கிலும் அவர் பொய் எழுதியதில்லை. "டிரைவர் வைக்க மறந்துட்டாரு."

"மறக்கல."

ராமுத்தாய் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "அவன் கல்லு வச்சுத்தான் இருந்தான். அடுப்புக்கு ஒண்ணு கொறஞ்சுச்சு. நான்தான் எடுத்தேன்."

அவள் மெல்ல இறங்கி சோலைமுத்துவிடம் வந்தாள். "ஏப்பா, செயிலுக்குப் போக இருந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்பிடி ஆத்தா சொல்லுவேன்? பாப்பாவுக்காகத்தானே எடுத்தீக?"

மொக்கைச்சாமி எழுந்தார். "டேசனுக்கு நானே போயி மனுவத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்று சோலைமுத்துவின் தோளைத் தொட்டார். மனைவியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ராமுத்தாய் ராயப்பராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அந்தக் கல்ல எடுக்கலேன்னா எம் மக பொழைச்சிருப்பாளாய்யா?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர்.

திரும்பி வரும் வழியெல்லாம் பாரூக் கூடவே நடந்தான். தெரியாது என்று அவர் ராமுத்தாயிடம் சொன்னது மெய்தானா என்று அவன் கேட்கவே இல்லை.