பச்சை வட்டம்

முகில்வாணன் எழுந்தான். காற்றுக் கலனை மாற்றினான். பல் துலக்கினான். குளியலறைக் கண்ணாடியில் அன்றைய கோரிக்கை வந்தது. பச்சை வட்டத்தைக் கட்டைவிரலால் தொட்டான். கண்ணாடி நன்றி சொன்னது. வாய் கொப்பளித்தான்.

செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோருக்கும் காலை இப்படித்தான் விடியும். அங்கே பாதுகாப்புத் துறை தன் இஷ்டத்துக்கு யாரையும் பிடித்துப் போக முடியாது. குலுக்கலில் வரும் ஏழு குடிமக்கள் சம்மதிக்க வேண்டும். காரணம், சான்று எல்லாம் கண்ணாடியில் விரியும். ஒருவர் மறுத்தாலும் கைது இல்லை. விடுதலைக்கும் அதே ஏழு பேர்தான். பூமியிலிருந்து வரும் விருந்தினர்கள் இதைக் கேட்டுக் கண்கலங்குவார்கள்.

அவன் மனைவி கோதைக்கு மட்டும் ஒரு விநோதப் பழக்கம். அவள் கோரிக்கையைப் படிப்பாள். இட்லி ஆறும்வரை படிப்பாள். போன வாரம் தண்ணீர் ஆலை ஊழியர் ஒருவரின் கைதை மறுத்தாள். குற்றம் செய்தவர் அதே பெயருள்ள வேறொருவர்.

“அமுக்கிட்டு வாயேன். அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?” என்பான் முகில்வாணன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் படிக்கிறேன்.”

அன்று காபி ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. பாதுகாப்பு அதிகாரி ரொசாரியோ நின்றிருந்தார். பின்னால் இரண்டு இயந்திரக் காவலர்கள்.

“மேடம், நீங்க எங்ககூட வரணும்.”

“எதுக்கு?” முகில்வாணன் குறுக்கே வந்தான்.

“கோரிக்கைய முழுசாப் படிக்கிறாங்க, சார். இந்த ஊர்லயே இவங்க ஒருத்தர்தான். துறை விஷயத்துல என்ன இவ்வளவு அக்கறைன்னு எங்க கணிப்பொறிக்குச் சந்தேகம்.”

“இதுக்கெல்லாம் கைதா? எந்த மடையன்யா சம்மதிச்சான்?”

ரொசாரியோ நெளிந்தார். “ஏழு பேர் சார். ஏழாவது ஆள் நீங்க. இப்பதான், பல் தேய்க்கும்போது.”

முகில்வாணன் குளியலறைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். கோதை அவனையே பார்த்தாள். அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த பற்பசையைத் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கைதான பெண் மறுப்பேதும் இன்றி, துறையின் பணியை வாழ்த்திச் சென்றார் என்று அரசுப் பதிவு சொல்கிறது. கதவருகே அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

“என் விடுதலைக் கோரிக்கையும் உங்க கண்ணாடிக்குத்தான் வரும். அன்னிக்குன்னு பார்த்து உக்காந்து படிச்சுத் தொலைக்காதீங்க.”