பொரி போட வந்தவன்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்த அந்தப் பழைய பலகை வீட்டு வாசலில் கமலவேணி ரிக்‌ஷாவை விட்டு இறங்கினாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாலிக் கயிற்றில் மஞ்சள் மாறவில்லை, முகத்தில்தான் புதுப்பெண்ணின் களை இல்லை. தன் கல்யாணப் படத்தைப் பார்க்க வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், கல்யாணத்தைப் பார்ப்பதற்கு அவளுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அண்ணன் சேதுபதியின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்ட வருஷம், தொழிற்சங்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அவன் கம்யூனிஸ்டுகளோடு காட்டுப் பக்கம் போய்விட்டான். அவனுடைய படங்களையெல்லாம் அம்மா பொன்னம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். போலீஸுக்கு முகம் தெரியாமல் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பெற்றவள் அப்படிச் செய்தாள். இப்போது கண்ணை மூடினால் மீசை வருகிறது, புருவம் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லி அழுகிறாள்.

படம் எடுத்தவர் அந்தப் பலகை வீட்டுக்காரர் ராஜரத்தினம். அந்த வட்டாரத்தில் கல்யாணத்தை ஓடும் படமாக எடுத்துத் தருகிறவர் அவர்தான். எடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் ஒரே ஆள். பின்னறையில் இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பெரிய பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில். இந்தப் படம் யார் யார் கண்ணில் படும் என்று கல்யாணத்துக்கு முன்பே பொன்னம்மா கேட்டிருந்தாள்.

"நம்மளத் தவிர ஒரு ஈ காக்கா பாக்காதுக்கா" என்று அவர் இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினார்.

தட்டிக் காட்டியவர் ஒன்றை மறந்துபோனார். படச்சுருளைக் கழுவ மலாக்காவில் அவருக்கு வசதி கிடையாது. டப்பாவில் போட்டுத் தபாலில் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். சாவி இடுப்பில் கிடந்து என்ன பயன்? முகம் தெரியாத எத்தனையோ பேர் கைமாறித்தான் படம் வீடு திரும்பும்.

சேதுபதி வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. பெண்ணின் கையில் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டும் என்பதால், சித்தப்பா மகன் ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். மலாயாவில் சுதந்திரக் கொடி ஏறிய வாரம் அது. காட்டில் இருப்பவர்களுக்கு மன்னிப்பு வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தைரியமோ, பாசமோ, ஹோமத் தீ வளர்ந்த நேரத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். தங்கச்சி கையில் வேறு எவன் பொரி போடுவான் என்று மட்டும் கேட்டான். அள்ளிப் போட்டான். அவள் அதைத் தீயில் இட்டாள். பந்திக்குக்கூட அவன் இருக்கவில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிப் பொன்னம்மா கண்ணைக் காட்டினாள். தீ வளர்த்த பிறகு எதையும் பாதியில் நிறுத்தினால் பெண்ணுக்கு ஆகாது என்று ராஜரத்தினம் நிறுத்தவில்லை. அப்புறம் வெட்டிவிட்டால் போச்சு என்று நினைத்தார். கழுவாத சுருளில் கத்தரி வைக்க முடியாது, கழுவ வேண்டுமானால் வெளியே அனுப்பியாக வேண்டும். இந்தப் புத்தி அவருக்குத் தபால் போன பிறகுதான் வந்தது.

டப்பா திரும்பியபோது, கழுவிய இடத்தில் ஒட்டிய காகிதம் கிழிக்கப்பட்டு அதன்மேல் வேறு காகிதம் ஒட்டியிருந்தது; வழியில் யாரோ பிரித்துப் பார்த்திருந்தார்கள். மறுவாரம் புக்கிட் பாரு பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சேதுபதி சுடப்பட்டுக் கிடந்தான். உடல் வீட்டுக்கு வரவில்லை. படத்தால்தான் பிடிபட்டானா, வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, யாருக்குத் தெரியும்? ராஜரத்தினம் தன்னையும் தேடி வருவார்கள் என்று பயந்தார். சேதுபதி இருந்த துண்டுகளையெல்லாம் வெட்டி அடுப்பில் எரித்துவிட்டு, மிச்சத்தை ஒட்டி வைத்தார்.

அதைத்தான் இன்று கமலவேணி பார்க்க வந்திருக்கிறாள்.

அவர் மனைவி அஞ்சலை தேநீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உண்மையைச் சொல்ல ராஜரத்தினத்துக்கு வாய் வரவில்லை. வெட்டிய இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளும், அந்த நேரம் பார்த்துக் கேமராவில் சுருள் தீர்ந்துபோச்சும்மா என்று சமாளித்துக்கொள்ளலாம். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டார். அறை இருண்டது. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் கல்யாண வீடு அசைந்தது. சத்தம் இல்லாத படம். மனிதர்கள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார்கள். கூரைத் தகரத்தில் மழை மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

ஹோமத் தீ வந்தது.

அடுப்படியிலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "யாருங்க பொரி வறுக்கிறது? கருகுது பாருங்க."

தேநீர் போட்ட அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

வெட்டி ஒட்டிய இடம் வந்தது. படம் துள்ளவில்லை.

கமலவேணியின் குவிந்த கைகள் திரையில் அப்படியே நின்றன. எதிரே யாருமில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பொரி உதிர்ந்து, அந்தக் கைகளில் விழுந்தது.

மறுபடியும் விழுந்தது.

ஊமைப் படத்தில் பொரி வெடிக்கும் சத்தம் கேட்டது.

ராஜரத்தினம் புரொஜெக்டரை அணைத்தார். விளக்கு அணைந்தது. சுருள் நின்றது.

திரையில் படம் நிற்கவில்லை.

ஓரத்திலிருந்து ஒரு உருவம் மெல்ல உள்ளே வந்தது. தலையில் துண்டு. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. கமலவேணி பயப்படவில்லை. எழுந்து போய்த் திரைக்கு முன்னால் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.

"அண்ணே, ஒருதரம் திரும்புண்ணே. அம்மாவுக்கு ஒன் மொகம் மறந்துபோச்சாம்."

அந்த முதுகு குலுங்கியது. அழுகிறவனின் முதுகு அப்படித்தான் குலுங்கும். ஆனால் திரும்பவில்லை.

பிறகு திரை இருண்டது. அஞ்சலை ஓடிவந்து கம்பளியை இழுத்துப் போட்டாள். மழை வெளிச்சத்தில், கமலவேணியின் கைகளில் கருகிய பொரி கிடந்தது. அவள் அதைச் சிந்தாமல் முந்தானையில் முடிந்துகொண்டு ராஜரத்தினத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் இருந்த துண்டெல்லாம் எங்க?"

"எரிச்சிட்டேன்மா" என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

"அம்மாவும் எரிச்சாங்க. நீங்களும் எரிச்சிட்டீங்க. அப்புறம் திரும்பிக் காட்ட அவருக்கு மொகம் ஏது?"

தை மாதம் உஜோங் பாசிரில் வேறொரு கல்யாணம். ஒப்புக்கொண்ட வேலை என்பதால் ராஜரத்தினம் போய் எடுத்தார். கழுவி வந்த டப்பாவைத் திறக்கும் முன்பே கருகல் வாசனை வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால், பெண்ணின் தம்பி பொரி போடுகிறான். அவனுக்குப் பின்னால், தலையில் துண்டோடு, முதுகைக் காட்டி ஒருவன் நிற்கிறான்.

இம்முறை அவர் கத்தரியைத் தொடவில்லை. அம்மாவை அழைத்துவரச் சொல்லிக் கமலவேணிக்கு ஆள் அனுப்பினார்.

பொன்னம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மகன் நின்ற இடம் வந்ததும் ராஜரத்தினம் எதையும் தொடாமலே சுருள் நின்றது. கிழவி எழுந்து தடுமாறித் திரையருகே போனாள். பிறந்த குழந்தையைத் தொடுவதுபோல் அந்த முதுகை மெல்லத் தடவினாள். தோளைத் தடவி, கழுத்தைத் தடவி, முகம் இருக்க வேண்டிய பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் உள்ளங்கை நிறையச் சாம்பல் ஒட்டியிருந்தது. அது இன்னும் சூடாக இருந்தது.